வெளிநாட்டில் பணிபுரிய விரும்பும் உளவியலாளர்கள்: ஊதியமும் பணி நிபந்தனைகளும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கடல் கடந்து வேலைக்குச் செல்வது புதிய வழக்கமன்று. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உறவினர் ஒருவரேனும் இல்லாத ஊர் காவிரி டெல்டாவில் அரிது. அண்மைக் காலமாக உளவியல் பயின்ற இளைஞர்களும் இவ்வழியை நாடுகின்றனர். பிற பணிகளுக்குச் செல்வோருக்கு இல்லாத ஒரு சிக்கல் இவர்களுக்கு உண்டு. உளவியல் சிகிச்சை பல நாடுகளில் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழிலாகும். அந்நாட்டின் பதிவு இல்லாதவர், எத்தனை பட்டங்கள் பெற்றிருந்தாலும், உளவியலாளருக்குரிய பதவியையோ ஊதியத்தையோ பெற இயலாது. நிலத்தை ஒத்திக்கு வைத்தோ நகையை அடகு வைத்தோ பணம் திரட்டும் முன் அறிந்துகொள்ள வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்பவர் யார்?

உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற அனைவரும் மருத்துவ உளவியலாளர் ஆவதில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, கவுன்சில் ஏற்பளித்த நிறுவனத்தில் இரண்டாண்டு எம்.பில். மருத்துவ உளவியல் போன்ற மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு பெற்றவரே மருத்துவ உளவியலாளராகப் பணிபுரியலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளருக்கான தகுதியை வரையறுத்துள்ளது.

எம்.பில். மருத்துவ உளவியல் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2025–26 கல்வியாண்டு வரையே நீட்டிப்பு வழங்கியது. ஆகவே, இனி எப்படிப்பில் சேர்ந்தாலும், அது கவுன்சிலின் ஏற்பைப் பெற்றதா என்பதைச் சேர்வதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பதிவுக்கான முதற்படி இங்குள்ள பதிவேயாகும்.

இங்குள்ள பணிநிலை

அரசுத் துறையில் உளவியலாளர் பணியிடங்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்திலும் உள்ளன. 1996இல் நான்கு மாவட்டங்களுடன் தேசிய அளவில் தொடங்கப்பட்ட இத்திட்டம், தமிழகத்தில் முதலில் திருச்சி மாவட்டத்தில் செயற்படுத்தப்பட்டது. இன்று மாநிலம் முழுவதும் நடைபெறுகிறது. இத்திட்டப் பணியிடங்கள் பெரும்பாலும் தொகுப்பூதிய ஒப்பந்த அடிப்படையிலானவை. பணி நிரந்தரமும் ஓய்வூதியமும் இவற்றுக்கு இல்லை. தனியார் துறையில் ஊதியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுகிறது. வெளிநாட்டு வாய்ப்பை நாடுவோரின் காரணங்கள் புரிந்துகொள்ளத் தக்கவையே.

நாடுவாரியாக நிபந்தனைகள்

1. பிரிட்டன்

‘மருத்துவ உளவியலாளர்’ என்னும் பதவிப்பெயர் அங்கு 2009 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. உடல்நல, பராமரிப்புத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு பெற்றவர் மட்டுமே அப்பெயரைப் பயன்படுத்தலாம். அந்நாட்டு மருத்துவ உளவியலாளர்கள் முனைவர் பட்ட நிலையில் பயிற்சி பெறுவதால், இந்தியப் பயிற்சி அதற்கு இணையா என்பது பாடம் பாடமாக ஆராயப்படும். ஆங்கிலத் திறனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் மொத்தம் 7.0 மதிப்பெண்ணும், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 6.5 மதிப்பெண்ணும் தேவை.

தேசிய சுகாதாரச் சேவையில் புதிதாகப் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் ஏழாம் ஊதியப் பட்டையில் அமர்த்தப்படுகிறார். 2025–26இல் இங்கிலாந்தில் இப்பட்டை ஆண்டுக்கு 47,810 பவுண்டு முதல் 54,710 பவுண்டு வரை. வாரத்துக்கு 37.5 மணி நேர வேலை; பொது விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு 27 நாள் விடுப்பு. பதிவு இல்லாதோர் சேரும் உதவி உளவியலாளர் பணி பெரும்பாலும் நான்காம் பட்டையைச் சார்ந்தது. 2025–26இல் அதன் ஊதியம் 27,485 பவுண்டில் தொடங்கியது. பணி நியமனக் கடிதத்தில் எந்தப் பட்டை குறிக்கப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

2. ஐக்கிய அரபு அமீரகம்

துபாய், அபுதாபி ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமம் வழங்கும் அமைப்புகளும், ஏனைய அமீரகங்களுக்கு ஒன்றிய சுகாதார அமைச்சகமும் உள்ளன. பட்டம், பதிவு, பணி அனுபவம் ஆகியவை அவற்றை வழங்கிய நிறுவனங்களிடமே நேரடியாகச் சரிபார்க்கப்படும்.

தனிநபர் வருமான வரி இல்லை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு நிறைவுற்றவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. தகுதிகாண் காலம் ஆறு மாதத்தை மிஞ்சக்கூடாது. பணி முடிந்து விலகும்போது, முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் ஊதியமும், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் ஊதியமும் பணிக்கொடையாக வழங்கப்படும். இது அடிப்படை ஊதியத்தை மட்டுமே கொண்டு கணக்கிடப்படுகிறது.

3. சிங்கப்பூர்

வல்லுநர்களுக்கான பணி அனுமதி பெற, நிதித் துறை தவிர்த்த பிற துறைகளில், 2025 சனவரி முதல் மாத ஊதியம் குறைந்தது 5,600 சிங்கப்பூர் வெள்ளி இருத்தல் வேண்டும். வயது கூடக்கூட இவ்வரம்பும் உயரும். மனைவி, கணவர், பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல மாத ஊதியம் 6,000 வெள்ளியாவது தேவை. வெளிநாட்டுப் பணியாளருக்கு மத்திய சேமநிதியில் இடமில்லை. ஆகவே முதுமைக்கான சேமிப்பைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். சட்டப்படியான குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு முதலாண்டில் ஏழு நாள் மட்டுமே. தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாதலால், தமிழில் உளவியல் ஆலோசனை வழங்கும் திறன் தனி மதிப்புடையது.

4. ஆஸ்திரேலியா, அமெரிக்கா

ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் பதிவுக்கு ஆறாண்டுக் கல்வியும் பயிற்சியும் எதிர்பார்க்கப்படுகின்றன. குடியேற்ற விசாவுக்கான தகுதி மதிப்பீட்டை ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் செய்கிறது. பதிவை உளவியல் வாரியம் வழங்குகிறது. இவை இரண்டும் வெவ்வேறு; ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்துவிடாது. 2025 சூலை முதல், ஊதியத்தில் 12 விழுக்காட்டை நிறுவனம் ஓய்வூதிய நிதியில் செலுத்த வேண்டும்.

அமெரிக்காவில் உரிமம் மாநிலந்தோறும் தனித்தனியே வழங்கப்படுகிறது. முனைவர் பட்டம், மேற்பார்வையில் பெற்ற பயிற்சி, உரிமத் தேர்வு ஆகிய மூன்றும் பொதுவாகத் தேவை. எம்.பில். பட்டத்துடன் நேரடியாகச் சிகிச்சைப் பணியில் சேரலாம் என்று எவரேனும் கூறினால், அதை ஏற்கலாகாது.

ஊதியத்தை எவ்வாறு கணக்கிடுவது?

வெளிநாட்டு ஊதியத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்து முடிவெடுத்தல் தவறான வழி. இரு எடுத்துக்காட்டுகளைக் காண்க.

பிரிட்டனில் 47,810 பவுண்டு ஊதியத்திலிருந்து வருமான வரியும் தேசியக் காப்பீடும் சேர்ந்து ஏறத்தாழ 9,900 பவுண்டு கழியும். ஓய்வூதியப் பங்களிப்பும் போனபின் மாதம் கைக்கு வருவது 3,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவே. வீட்டு வாடகை, வெப்பமூட்டும் செலவு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவை இதிலிருந்தே செல்ல வேண்டும்.

அமீரகத்தில் இருவருக்கு மொத்த ஊதியம் மாதம் 12,000 திர்ஹம் என வைத்துக்கொள்வோம். ஒருவரின் அடிப்படை ஊதியம் 6,000 திர்ஹம், மற்றவருடையது 4,000 திர்ஹம், மீதி படிகள். ஐந்தாண்டு முடிவில் முன்னவருக்குப் பணிக்கொடை 21,000 திர்ஹம்; பின்னவருக்கு 14,000 திர்ஹம் மட்டுமே. மாதந்தோறும் இருவரும் ஒரே தொகையைப் பெற்றிருந்தும் 7,000 திர்ஹம் வேறுபாடு ஏற்படுகிறது.

கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

• பதவிப்பெயர் ‘உளவியலாளர்’ என்றுள்ளதா, ‘ஆலோசகர்’ அல்லது ‘உதவியாளர்’ என்றுள்ளதா? விசாவிலும் அதே பெயர் உள்ளதா?
• அடிப்படை ஊதியமும் படிகளும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா?
• ஊதியம் நிலையானதா, பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததா?
• பதிவு கிடைக்கும் வரையிலான காலத்துக்கு ஊதியம் உண்டா?
• முன்கூட்டியே விலகினால் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு?
• தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டுக்கான கட்டணத்தை யார் செலுத்துவது?
• மேற்பார்வையாளர் ஒருவர் நியமிக்கப்படுவாரா?

முகவர்களும் கட்டணமும்

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான சரக்கு, சேவை வரியும் மட்டுமே. உரிமம் உண்மையானதா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பிரிட்டனில், வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் முகவர் கட்டணம் பெறுவது அந்நாட்டுச் சட்டப்படியே தடை செய்யப்பட்டுள்ளது. சுற்றுலா விசாவில் சென்று அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்னும் ஆலோசனையை ஏற்க வேண்டாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அயலகத் தமிழர் நலத்துறையும் இவ்வகையில் வழிகாட்டுகின்றன.

இப்போதே தொடங்க வேண்டிய ஆயத்தம்

பலரின் விண்ணப்பங்கள் தேங்குவது ஆவணக் குறையால்தான். பயிற்சிக் காலத்தில் பார்த்த நோயாளிகளின் வகை, செய்த உளவியல் சோதனைகள், சிகிச்சை நேரம், மேற்பார்வை நேரம் ஆகியவற்றை நாள்வாரியாகக் குறித்து, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் பெயரோ அடையாளமோ அப்பதிவில் இடம்பெறலாகாது. படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக முத்திரையுடன் பெற்றுக்கொள்க. பல ஆண்டுகள் கழித்து அதைப் பெறுவது கடினம்.

விட்டுச்செல்லும் நோயாளிகள்

தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதும், நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறாதிருப்பதும் கண்டறியப்பட்டன. 2004 சூலையில் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதே ஆண்டு திசம்பரில் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. இத்தகைய துயரங்களைத் தாய்மொழியில் கேட்டு ஆற்றுப்படுத்தும் பயிற்சி பெற்றோர் இப்பகுதிக்கு எக்காலமும் தேவை.

வெளிநாடு செல்லல் ஒருவரின் உரிமை. உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறையும் அதனை ஏற்கிறது. எனினும் செல்பவர் தம் நோயாளிகளைத் திடீரெனக் கைவிடலாகாது. பல வாரங்களுக்கு முன்பே அவர்களிடம் தெரிவித்து, சிகிச்சைக் குறிப்புகளுடன் வேறொரு உளவியலாளரிடமோ மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ ஒப்படைக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உடையோரை நேரில் அறிமுகப்படுத்தி ஒப்படைத்தல் கட்டாயம். அரசுப் பணியில் இருப்போர் ஒப்பந்தத்தில் கூறியுள்ள அறிவிப்புக் காலத்தை முழுமையாகப் பின்பற்றுதல், அடுத்தவரை நியமிக்க நிர்வாகத்துக்கு அவகாசம் அளிக்கும்.

உதவிக்கு

வெளிநாட்டு முயற்சியால் ஏற்படும் கடன் சுமை, காத்திருப்பு, தனிமை ஆகியவை உளவியல் பயின்றவரையும் வாட்டும். மனநல ஆலோசனைக்குக் கட்டணமின்றி 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணையோ, 104 என்னும் சுகாதார உதவி எண்ணையோ எந்நேரமும் அழைக்கலாம். ஊதிய விகிதங்களும் விசா விதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டுப் பதிவு அமைப்பின் இணையதளத்தில் அவற்றைச் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்துக.