பட்டம் வேறு, உரிமம் வேறு

அமெரிக்காவில் ஒருவர் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார் என்றால், நூலகமே கதியென்று கிடப்பவர் என எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டுக்குள் அவரெதிரே மனநோயால் அவதிப்படும் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டது இரண்டாம் உலகப் போர். மனம் நொறுங்கித் திரும்பிய படைவீரர்களைக் கவனிக்கப் போதிய ஆளில்லை. 1949இல் கொலராடோவின் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆராய்ச்சியும் சிகிச்சையும் ஒருங்கே கற்றவராக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தது. சிகிச்சைக்கே முதலிடம் தரும் 'சைடி' (PsyD) பட்டத்தை 1973இல் வெய்ல் (Vail) நகரில் கூடிய மாநாடு ஏற்றது. ஆராய்ச்சியும் சிகிச்சையும் சேர்ந்த பிஎச்டி, சைடி ஆகிய இரண்டில் எதற்கு விண்ணப்பிப்பது என்று யோசிக்கும் நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது செலவை: பிஎச்டிக்குப் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன, சைடி படிப்பவர்களில் பலர் கடன் வாங்குகிறார்கள்.

பிஎச்டிக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இளங்கலை முடித்ததும் ஓரிரு ஆண்டு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்துவிட்டு வருபவர்கள் அதிகம். தன் ஆய்வுக்குப் பொருந்துகிறவரா என்றுதான் பேராசிரியர் பார்ப்பார்.

படிப்பின் உயிர்நாடி மேற்பார்வை. சிகிச்சைக்கு வந்தவரின் சம்மதத்தோடு உரையாடலைப் பதிவுசெய்து, உரிமம் பெற்ற உளவியலாளர் மாணவரோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார். எங்கே அவசரப்பட்டாய், கேட்க வேண்டிய இடத்தில் ஏன் புத்தி சொன்னாய் என்று துருவுவார். தான் பயிற்சியில் இருப்பதையும் மேற்பார்வையாளரின் பெயரையும் சிகிச்சைக்கு வந்தவரிடம் மாணவர் சொல்லியாக வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை அப்படி. நம்மூர் ஆலோசனை மையங்கள் கடன் வாங்க வேண்டிய பழக்கம் இது.

ஆய்வேடு தவிர, ஓராண்டு முழுநேர இன்டர்ன்ஷிப்பும் உண்டு. எல்லாம் முடிய ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பட்டம் வாங்கினாலும் தனியாகத் தொழில் செய்துவிட முடியாது. 225 கேள்விகள் கொண்ட தேர்வில் தேறி, மாநில வாரியத்திடம் உரிமம் பெற வேண்டும். அதன் பிறகும் பெரும்பாலான மாநிலங்களில் மருந்து எழுதும் அதிகாரம் கிடையாது. அது மனநல மருத்துவரின் வேலை.

இந்தியாவிலும் உளவியலில் முனைவர் பட்டம் இருந்தால் மட்டும் ஒருவர் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட மாட்டார்; இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிகிச்சைக்குப் போகுமுன் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.