பிளக் பாயிண்டின் பிடி

உத்திரமேரூர் வட்டாரத்தில் புதிதாக எழும்பும் வீடுகளில் சுவிட்சும் பிளக் பாயிண்டும் வாங்குவது பெரும்பாலும் கடைசிச் செலவு. பூச்சு வேலையும் டைல்ஸும் வாசல் கதவும் பணத்தை விழுங்கிய பிறகு மிஞ்சியதில் இது நடக்கிறது. கடையில் அப்போது கண்ணுக்குப் படுபவை விலை, நிறம், முகப்புத் தட்டின் பளபளப்பு ஆகிய மூன்றுமே. பிளக் பாயிண்டின் தரம் இம்மூன்றிலும் இல்லை. பிளக்கின் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் உள்தகட்டிலும், ஒயரை இறுக்கிப் பிடிக்கும் திருகிலும் இருக்கிறது. இரண்டும் தட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பவை. கைப்பணம் குறைவான வீடு எல்லா இடத்திலும் உயர்ந்த ரகம் போட வேண்டியதில்லை. ஆனால் அதிகக் கரண்ட் இழுக்கும் மூன்று நான்கு இடங்களில் பிடி உறுதியான பாயிண்டைத்தான் போட வேண்டும். அங்கே மிச்சம் பிடிப்பது ஆபத்தான சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து.

இதைச் சொல்ல இன்று தனிக் காரணம் இருக்கிறது. மானாம்பதி, சாலவாக்கம் போன்ற ஊர்ப்பக்கக் குடிசைகளுக்கு முதலில் வந்த மின்சாரம் ஒரு விளக்குக்கானது. 40 வாட் பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது 0.17 ஆம்பியர்தான். பிறகு 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-இல் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் அதே வீடுகளுக்குள் புதுப் பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தன. ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கம்பி, இண்டக்‌ஷன் அடுப்பு என்று அடுத்தடுத்து வந்தவற்றைக் குடும்பங்களே வாங்கின. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது 8.7 ஆம்பியர் இழுக்கிறது. அந்த ஒற்றைப் பல்போடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 50 மடங்கு. ஒரு தலைமுறைக்குள் வீட்டின் சுமை இவ்வளவு ஏறியிருக்கிறது. பல வீடுகளில் பாயிண்டும் அதற்குப் பின்னால் ஓடும் ஒயரும் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கின்றன.

சுமை 50 மடங்கு ஏறினால் சூடும் 50 மடங்குதான் ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் இணைப்பில் பிறக்கும் வெப்பம், ஓடும் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே தளர்ந்த இணைப்பில் 50 மடங்கு கரண்ட் ஓடினால் வெப்பம் 2,500 மடங்கு. ஒரு பாயிண்டுக்குள் தகடு தளர்ந்து, முள்ளுக்கும் தகட்டுக்கும் இடையே அரை ஓம் தடை உண்டாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பல்பு எரியும்போது அங்கே பிறக்கும் சூடு ஒரு வாட்டில் நூறில் ஒன்றரைப் பங்கு. யாருக்கும் தெரியாது. அதே இடத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடினால் கிட்டத்தட்ட 38 வாட். ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்கப் பயன்படும் சாதாரண சால்டரிங் கோல் 25 வாட்தான். அதைவிடப் பெரிய சூடு, காற்றோட்டமில்லாத ஒரு சிறு பெட்டிக்குள், பிளாஸ்டிக்கை ஒட்டியபடி, சோறு வேகும் நேரமெல்லாம் கனன்றுகொண்டிருக்கும். சூடு ஏறஏறத் தகட்டின் விறைப்பு குறையும். முள்ளின் மேல் கறுப்பு படரும். அதனால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். முள் துளை பழுப்பேறுவதும், மீன் வாடையைப் போன்ற ஒரு நாற்றம் வருவதும் இந்தச் சுழற்சி வெகுதூரம் போய்விட்டதற்கு அடையாளம்.

எம்.சி.பி. போட்டிருக்கிறோமே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எம்.சி.பி. பார்ப்பது ஒயரில் ஓடும் கரண்டின் அளவை மட்டுமே. அளவுக்கு மீறினால் அணைக்கும், ஷார்ட் ஆனால் அணைக்கும். தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதே இல்லை. கூடுதல் தடை குறுக்கே நிற்பதால் சற்றுக் குறையவும் செய்யும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கண்ணுக்கு 8 ஆம்பியர் சொச்சம் ஓடுவது முற்றிலும் ஒழுங்கான நிலை. பாயிண்ட் உருகிக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்.சி.சி.பி.யும் இங்கே உதவாது. கரண்ட் வெளியே கசியவில்லையே. இரண்டும் வீட்டுக்கு அவசியமானவைதான், உயிர் காப்பவைதான். ஆனால் மோசமான பாயிண்டுக்கு அவை மாற்று ஆகா. சில பழுதுகளைத் தடுக்க நல்ல பாயிண்டை நன்றாக மாட்டுவதைத் தவிர வேறு காவல் கிடையாது.

இன்னொரு வாதம், எங்கள் வீட்டுப் பழைய கறுப்புப் பாயிண்ட் முப்பது வருடமாக உழைக்கிறது, அதற்கென்ன குறை என்பது. இதில் பாதி உண்மை. பழைய பேக்கலைட் பாயிண்டுகள் சிலவற்றில் கனத்த பித்தளைக் குழல்கள் இருந்தன; இன்றைய மலிவு ரகத்தின் மெல்லிய தகட்டைவிட அவை எவ்வளவோ மேல். மற்றப் பாதியை மறந்துவிடக் கூடாது. அவை முப்பது வருடமும் சுமந்தது விளக்கு, ரேடியோ, டேபிள் ஃபேன் போன்றவற்றைத்தான். லேசான சுமையில் பிழைத்திருந்தது, கனத்த சுமையையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. பழையதா புதியதா என்பதைவிட, இப்போது அதில் செருகும் பொருள் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, முள் எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதே கேட்க வேண்டியது.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது? தகடு எந்த உலோகம், எவ்வளவு கனம், எப்படி வளைக்கப்பட்டது என்பதிலிருந்து. நல்ல பாயிண்டுகளில் கனமான பித்தளையோ பாஸ்பர் பிரான்ஸோ இருக்கும். இரண்டும் செம்புக் கலவைகளே. பாஸ்பர் பிரான்ஸ் சூட்டிலும் விறைப்பை அதிகம் இழக்காது. மலிவுச் சரக்கில் காகிதக் கனத்தில் தகடு, அல்லது பித்தளை முலாம் பூசிய இரும்பு. மழைக்காலத்து ஈரம் ஊறும் சுவரில் இரும்பு துருப்பிடிக்கும், துரு தடையைக் கூட்டும். கையில் ஒரு சிறு காந்தம் இருந்தால் கடையிலேயே வைத்துப் பார்க்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: நல்ல பாயிண்டுகளிலும் தகட்டுக்கு வெளியே வலுவூட்டும் எஃகு ஸ்பிரிங்கோ எஃகுத் திருகோ இருக்கக்கூடும். காந்தம் ஒட்டக் கூடாதது முள்ளைத் தொடும் தகட்டில்தான். உடல் பிளாஸ்டிக்கும் முக்கியம். சர்வதேசத் தரச் சோதனையில், மின்னோட்டப் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக்கின் மேல் 850 டிகிரி செல்சியஸ் சூடேறிய கம்பியை வைத்து, தீப்பற்றித் தொடர்ந்து எரிகிறதா என்று பார்க்கிறார்கள். 5,000 தடவை செருகி, 5,000 தடவை உருவி எடுத்துப் பிடி தளர்கிறதா என்றும், மின்னோட்டம் ஓடும்போது ஒயர் மாட்டும் இடத்தின் வெப்பம் 45 டிகிரிக்கு மேல் உயர்கிறதா என்றும் பார்க்கிறார்கள். வாங்குபவர் எவரும் கடை வாசலில் நின்று செய்யக்கூடிய சோதனைகள் அல்ல இவை.

ஆகவேதான் முத்திரை வேண்டியிருக்கிறது. ‘ஐ.எஸ்.ஐ. போட்டது எல்லாம் நல்லதா, போலி முத்திரையே ஊரெங்கும் இருக்கிறதே’ என்ற அவநம்பிக்கை பரவலானது. ஆனால் வாங்குபவர் தானே சோதிக்க முடியாத பொருளுக்கு ஊர் சார்பில் ஒருவர் சோதித்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் உத்திரமேரூருக்குப் புதிதன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் அறிவார்கள். அந்தத் தேர்தல் எந்தெந்த வாரியங்களுக்கு ஆள் எடுத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏரி வாரியம், தோட்ட வாரியத்தோடு பொன் வாரியமும் அதில் உண்டு. பொன்னின் மாற்றைப் பார்ப்பது அதன் பொறுப்பு. இன்று பிளக் பாயிண்டுக்கு அந்தப் பொறுப்பு இந்தியத் தர நிர்ணய அமைவனத்துடையது. போலியைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 1293 என்ற எண் இருக்க வேண்டும். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் உரிய தரம் அதுவே. சுவிட்சுக்கு உரியது ஐ.எஸ். 3854. சுவிட்சில் உள்ள முத்திரையைக் காட்டிச் சாக்கெட்டையும் சேர்த்து விற்றுவிடுவது எளிது, ஆகவே இரண்டிலும் தனித்தனியாகப் பாருங்கள். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம், அது நடப்பில் உள்ளதா என்பது அங்கேயே தெரியும். எண்ணே இல்லாத முத்திரை வெறும் படம்.

எந்த அளவில் வாங்குவது என்பதில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. நம் வட்ட முள் பிளக்குகள் 1934-இல் வெளியான பிரிட்டிஷ் தரத்திலிருந்து வந்தவை. பிரிட்டன் 1947-இல் செவ்வக முள்ளுக்கு மாறியது. இந்தியா வட்ட முள்ளிலேயே நின்றுவிட்டது. சிறிய பிளக்கின் முள் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர், பெரியதன் முள் 7 மில்லிமீட்டர். இந்த வேறுபாடே ஒரு பாதுகாப்பு. பெரிய சுமை சின்னத் துளைக்குள் நுழையவே முடியாது. இதைத் தோற்கடிப்பதற்கென்றே பெரிய பிளக்கைச் சின்னப் பாயிண்டில் செருக உதவும் கன்வெர்ட்டரை விற்கிறார்கள். 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது 1,380 வாட் வரை. 1,500 வாட் சூடாக்கும் கம்பிக்கே அது போதாது. இரண்டு அளவு முள்ளையும் ஏற்கும் கூட்டுச் சாக்கெட்டுகளும் வசதிதான், ஆனால் 7 மில்லிமீட்டர் முள் அடிக்கடி விரித்த தகடு பிறகு 5 மில்லிமீட்டர் முள்ளை இறுக்கிப் பிடிக்க வேண்டுமானால் ஸ்பிரிங் உண்மையிலேயே நல்லதாக இருக்க வேண்டும். செல்போன் சார்ஜர்கள் பலவற்றின் முள்ளோ 4 மில்லிமீட்டர்தான். சார்ஜர் ஆடுவதைப் பார்த்துப் பாயிண்டைக் குறை சொல்லிவிட முடியாது. மூன்று முள் பிளக் ஆடினால் குறை பாயிண்டில்தான். வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு மூன்று முள் பிளக்கைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். சற்று அழுத்தம் கேட்க வேண்டும். ஒயரின் கனத்திலேயே சாய்ந்தால் அந்தப் பாயிண்ட் வேண்டாம்.

பாயிண்ட் எவ்வளவு நல்லதானாலும் மாட்டுவது சரியில்லையென்றால் வீண். ஒயரின் செம்பு இழைகள் எல்லாம் துளைக்குள் போக வேண்டும். நுழையவில்லை என்று சில இழைகளை வெட்டிவிடுவது அந்த இடத்தில் ஒயரை மெலியச் செய்வதாகும். அடுப்பு, ஏ.சி., தண்ணீர் சூடாக்கி ஆகியவற்றுக்கு எம்.சி.பி.யிலிருந்து தனி லைன் இழுத்து, குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் போடுவது நல்லது. எர்த் ஒயரும் கட்டாயம். எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது அது முதலில் தொட்டுக் கடைசியில் பிரிவதற்காகவே. பாயிண்டில் எர்த் துளை இருந்தும் அதற்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகள் கிராமங்களில் நிறைய. மூன்று துளையைக் கண்டு பாதுகாப்பு என்று நம்பும் அந்த வீட்டுக்கு, இல்லாத பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றுவதுதான் பெரிய கேடு. இவற்றை இ.பி.காரர்கள் வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்க முடியாது. மீட்டருக்கு இந்தப் பக்கம் நம் பொறுப்பு.

செலவைப் பற்றிய தடையும் நேர்மையானதே. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் உதவியோடு 360 சதுர அடி வீடு கட்டும் குடும்பத்திடம் எல்லாவற்றையும் உயர்ந்த ரகத்தில் போடச் சொல்வது அநியாயம். நான் சொல்வதும் அதுவன்று. அந்த வீட்டில் அடுப்புக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, இஸ்திரிக்கு ஒன்று, குளியலறை வெந்நீருக்கு ஒன்று, இந்த நான்கையும் தரமான 16 ஆம்பியராகப் போட்டுவிட்டு, மற்ற இடங்களில் முத்திரையுள்ள எளிய 6 ஆம்பியர் போதும். மலிவுக்கும் தரத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் நான்கு பாயிண்டுக்குச் சேர்த்தாலும் சில நூறு ரூபாயில் அடங்கிவிடும். அலங்காரத் தட்டைக் குறைத்தால் அந்தப் பணம் அங்கேயே கிடைக்கும். எந்தப் பொருள் எங்கே நிற்கப்போகிறது என்று சுவரைக் குடைவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடுப்பை ஓட்டும் நிலையும் வராது.

பழைய வீடுகளில் சோதனை இன்னும் எளிது. அடுப்போ இஸ்திரியோ கால் மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் உடலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பாயிண்டை மாற்றும்வரை கனத்த சுமை எதையும் அதில் செருகக் கூடாது. தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திருகு மட்டும் தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும், தகடோ முள் துளையோ கறுத்திருந்தால் மாற்றியாக வேண்டும். பிளக்கின் முள்ளும் கறுத்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுத் தகட்டையும் அது கெடுத்துவிடும். கழற்றிய பாயிண்டை மாட்டுக் கொட்டகைக்கோ கிணற்றடி மோட்டார் அறைக்கோ ஆகும் என்று எடுத்து வைக்காதீர்கள். ஈரமும் தூசியும் அதிகமுள்ள அந்த இடங்களுக்கு மூடியுடன் கூடிய நல்ல பாயிண்ட் வேண்டும். மாட்டின் உடல் நம்முடையதைவிடக் குறைந்த மின் அதிர்ச்சிக்கே விழுந்துவிடும்.