வாணம் புகட்டும் பாடங்கள்

விழாக் காலங்களில் நம் சிறுவர் கொளுத்தும் ஈர்க்கு வாணத்தை அறியாதார் இலர். ஒரு சிறு மருந்துக் குழாயும் அதனொடு பிணித்த நீண்ட ஈர்க்குமன்றி அதில் வேறொன்றுமில்லை. எனினும், திங்களை எட்டிய பெரும் றொக்கற்றுகளின் தத்துவம் அதனுள் அடங்கியுள்ளது. வாயு கீழ்நோக்கிப் பாயக் குழாய் மேல்நோக்கி எழுகின்றது. நியூற்றனின் மூன்றாம் விதி இதுவே. ஈர்க்கை முறித்துவிட்டுக் கொளுத்தினால், வாணம் நிலைகெட்டுச் சுழன்று கொளுத்தியவன்மீதே பாய்தலுங் கூடும். பாரம் நிலைகொள்ளும் மையம் முன்னும், காற்றின் தாக்கம் குவியும் மையம் பின்னும் அமைந்தாலன்றி எவ்வாணமும் நேரே செல்லாது. ஈர்க்கு ஆற்றும் இப்பணியையே மாதிரி றொக்கற்றில் அடிப்புறச் செட்டைகள் ஆற்றுகின்றன.

இத்துறையில் ஆர்வத்தால் இறங்கியோர் பெற்ற அறிவு பெரிதும் பட்டறிவேயாம். கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் சிமித் என்பார், றொக்கற் மூலம் தபால் அனுப்ப எண்ணி, 1934 செப்டெம்பர் 30 ஆம் நாள் கப்பலொன்றிலிருந்து சாகர் தீவை நோக்கி ஒன்றை ஏவினார். அது வானில் வெடித்துக் கடிதங்களைச் சிதறடித்தது. அவர் சோர்ந்திலர். அடுத்த ஆண்டிலேயே ஒரு சேவலையும் ஒரு பேட்டையும் றொக்கற்றில் ஏற்றித் தாமோதர் ஆற்றுக்கு அப்பால் உயிருடன் சேர்ப்பித்தார்.

1957 இல் ஸ்புட்னிக் விண்ணேறியபின், அமெரிக்க இளைஞர் பலர் தாமே மருந்து கலந்து றொக்கற் செய்யப் புகுந்தனர்; சிலர் கைவிரலையும் கண்ணையும், சிலர் உயிரையுமே இழந்தனர். இதுகண்டு கவன்ற ஹரி ஸ்டைன் என்பார், பாதரட்சை வணிகரான ஒர்வில் கார்லைல் அமைத்த சிறு றொக்கற்றைக் கொண்டு இவ்விளையாட்டை நெறிப்படுத்தினார். அந்நெறியின் சாரம் இது: மருந்தை ஒருபோதும் வீட்டிற் கலத்தலாகாது, உடலைக் காகிதம் முதலிய மென்பொருள்களால் ஆக்குக, எட்ட நின்று மின்னால் மூட்டுக, மூளாதுவிடின் ஒரு நிமிடம் பொறுத்தே அணுகுக, கடுங்காற்றில் ஏவற்க, மின்கம்பியில் மாட்டியதை எடுக்க முயலற்க.

பொறுத்தலும் ஆராய்தலும் சிறுவர்க்கு மட்டும் உரியனவல்ல. 1979 ஆகஸ்ட் 10 ஆம் நாள், இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் தலைமையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி. 3 ஏவப்பட்டது. ஏவுமுன் கணினி நிறுத்தக்குறி காட்டியது. அதனைக் கடந்து ஏவினர். இரண்டாம் படி கட்டுப்பாடிழந்து, றொக்கற் வங்கக் கடலில் வீழ்ந்தது. காரணத்தை நுணுகி ஆராய்ந்து திருத்தியமையால், 1980 ஜூலை 18 ஆம் நாள் ரோகிணி விண்சுற்றில் நிலைபெற்றது.

நம் வன்னி மாணவர்க்கோ இன்னுமொரு பாடம் உண்டு. 2009 இல் போர் முடிந்தபின்னும் கண்ணிவெடிகளும் வெடியாக் குண்டுகளும் இம்மண்ணில் மறைந்து கிடந்தன. அவற்றை அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆகவே, விழுந்த றொக்கற்றைத் தேடிப் பற்றைக்குள் நுழைதல் கூடாது. ஐயுறத்தக்க உலோகத் துண்டைத் தொடுதலும், அதிலிருந்து மருந்தெடுக்க முனைதலும் உயிருக்கே உலைவைக்கும். கண்டால் விலகி நின்று பெரியோர்க்கு அறிவித்தலே கடமை.

மருந்தின்றியும் இக்கலையைப் பயிலலாம். சோடாப் பானம் அடைத்த பிளாஸ்ரிக் போத்தலில் மூன்றிலொரு பங்கு நீர் நிரப்பி, சைக்கிள் பம்பினாற் காற்றை அமுக்கி, மூடியை விடுவித்தால், நீர் பீறிட்டுப் பாயப் போத்தல் வானேறும். கண்ணாடிப் போத்தலும் கீறல் விழுந்த போத்தலும் இதற்கு ஆகா. அமுக்கத்தால் அவை வெடித்துச் சிதறும். நீரின் அளவை மாற்றி மாற்றி ஏவி, ஒவ்வொரு முறையும் நேர்ந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவோன் உண்மை மாணவன்.

பழைய மாணவர்காள்! இளையோரின் ஆர்வத்தை அடக்குதல் எளிது, நெறிப்படுத்துதல் அரிது. துப்புரவான ஒரு மைதானமும், உடன் நிற்கும் ஒரு மூத்தோரும் வாய்ப்பின், பிறர் குருதி சிந்திக் கற்ற பாடத்தை நம் பிள்ளைகள் குருதி சிந்தாமலே கற்பர்.