அந்துப்பூச்சி அமர்ந்த இடம்

நந்தியாவட்டையில் ஓர் இலை மட்டும் தடித்து, வெளிர்சிவப்புப் பட்டை ஓடியதுபோல் தெரிந்தால் கையை நீட்டிவிடாதீர்கள். டாஃப்னிஸ் நீரியை என்ற பெரிய அந்துப்பூச்சியாக இருக்கலாம். நந்தியாவட்டை, அரளி இலைகளைத் தின்று வளரும் புழுவும் பச்சை, இறக்கை முளைத்த பூச்சியும் பச்சை. இரவில் பறந்து களைத்தது, பொழுது சாயும்வரை அங்கேயே அசையாமல் கிடக்கும்.

படம் எடுக்க விடிகாலைதான் நேரம். வெயில் ஏறிவிட்டால் இறக்கைச் செதில்கள் வெளுத்துத் தெரியும். தவிட்டுக்குருவிகளும் அதற்குள் வாசல் விளக்கடியைத் துழாவிவிட்டிருக்கும். விளக்கைச் சுற்றிய சுவர், ஜன்னல் சட்டம், வாழைச் சருகு என்று நிதானமாகத் தேடுங்கள். சுவரில் தட்டையாக ஒட்டியிருந்தால் கேமராவைச் சுவருக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு இறக்கை நுனிகளும் ஒருசேரத் துலங்கும். கூரைபோல் இறக்கை மடித்தவற்றைப் பக்கவாட்டில் எடுக்கலாம். ஃப்ளாஷ் வேண்டாம். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் போதும்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். அழகான பின்னணி வேண்டுமென்று பூச்சியைத் தூக்கிப் பூவில் வைக்கக் கூடாது. இங்கிலாந்தின் மிளகு அந்துப்பூச்சிக்கு அதுதான் நடந்தது. பாடநூல்களில் வந்த படங்கள் பலவும் பூச்சியை மரத்தண்டில் கொண்டுபோய் வைத்து எடுத்தவை. பிற்பாடு அதைச் சொல்லியே, அப்பூச்சி காட்டிய பரிணாமத்தையே சிலர் சந்தேகித்தார்கள். மைக்கேல் மஜெரஸ் என்ற ஆய்வாளர் 2001 முதல் 2007 வரை, கேம்பிரிட்ஜில் தம் தோட்டத்து மரங்களில் ஏறி, அவை தாமாக அமரும் இடங்களைக் குறித்துவைத்தார். அவர் கண்ட 135 பூச்சிகளில் பாதிக்குமேல் பக்கக் கிளைகளில் இருந்தன. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகத் தண்டில் இருந்தன.

அமரும் இடம் தற்செயலும் அல்ல. மரப்பட்டையில் இறங்கும் சில அந்துப்பூச்சிகள், இன்னும் நன்றாக மறையும்வரை நடந்தும் திரும்பியும் உடலைச் சரிசெய்துகொள்வதைத் தென்கொரிய ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். அவ்வளவு பாடுபட்டுத் தேடிய இடத்தை நாம் ஒரு விரலால் கலைத்துவிடலாமா?

ஆகவே நெருக்கத்தில் ஒரு படம், செடியோடு சேர்த்து ஒரு படம். இடையில் இறக்கைகள் மெல்ல நடுங்கத் தொடங்கினால், பறப்பதற்காகத் தசைகளைச் சூடேற்றுகிறது என்று பொருள். உடனே கேமராவைத் தாழ்த்திப் பின்வாங்கிவிடுங்கள். எதிரே மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருக்கிறது.