சூடாக்கிய தானப் பாலில் என்ன மிஞ்சும்?

உங்களுக்குத் தெரியுமா? தாய்ப்பால் வங்கிக்குத் தானமாக வரும் பால், பாட்டிலோடு வெந்நீர்த் தொட்டியில் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்கப்படுகிறது. பிறகு சட்டென்று குளிரவைத்து, உறைநிலையில் சேமிக்கிறார்கள். இந்த முறைக்கு ஹோல்டர் பாஸ்டரைசேஷன் என்று பெயர். 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி முதல் இன்று வரை பரவலாக உள்ள வழி இதுதான்.

ஹெச்.ஐ.வி., சைட்டோமெகலோ வைரஸ், நோய் பரப்பும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் எல்லாம் இந்தச் சூட்டில் ஒழிந்துவிடும். நல்லவையும் சில தப்புவதில்லை. பாலிலுள்ள உயிருள்ள வெள்ளணுக்கள் அழிகின்றன. கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் நொதி முற்றிலும் செயலிழக்கிறது. குறைமாதக் குழந்தை கொழுப்பை உறிஞ்சுவது குறைய இதுவும் ஒரு காரணம். கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின் பெருமளவு போய்விடுகிறது.

ஆனால் குடலுக்குக் காவல் நிற்கும் 'ஐ.ஜி.ஏ.' எதிர்ப்புரதம் கணிசமாக மிஞ்சுகிறது. நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாகும் ஆலிகோசாக்கரைடு சர்க்கரைகளோ அசைவதே இல்லை!

அதனால்தான், பாதி காவலர்களை இழந்த பால் என்றாலும், எடை மிகக் குறைந்த சிசுக்களுக்கு வரும் உயிர்க்கொல்லிக் குடல் அழற்சி, பவுடர் பால் குடிப்பவர்களைவிட தானப் பால் குடிப்பவர்களிடம் குறைவாகக் காணப்படுகிறது. பெற்ற தாயின் பால் கிடைத்தால் முதலிடம் அதற்கே. தானப் பால் அடுத்த இடத்தில்தான்.

வீட்டு அடுப்பில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பால் பொங்கும் சூட்டில் மிஞ்சுவது இன்னும் குறைவு.