நாடக முரண்

வெளிமாநிலங்களில் பயிலும் நம் மாணவர் பலர் ‘டிராமாட்டிக் ஐரனி’ என்பதை ஷேக்ஸ்பியர் வாயிலாகவே அறிகின்றனர். தமிழில் அதனை நாடக முரண் என்கிறோம். (நாடக அங்கதம் என்பாரும் உளர், தொல்காப்பியர்க்கு அங்கதம் வசையாதலின், அது நமக்கு உடன்பாடன்று.) பாத்திரம் அறியாததைக் காண்போர் முன்னரே அறிந்திருத்தல் இதன் இயல்பு. எதிர்பாராத திருப்பம் வேறு. அங்கே நாமும் அறியாதவரே.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நோக்குவோம். சிலம்பை விற்கச் சென்ற கோவலன், பொற்கொல்லன் சொற்படி அவன் குடிலருகே ஒரு கோட்டத்துள் காத்திருக்கிறான். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அப்பொற்கொல்லனே என்பதை இளங்கோவடிகள் அப்பொழுது நமக்குப் புலப்படுத்துகிறார்; கோவலனுக்கு உணர்த்துவாரில்லை.

பின்னர்க் காவலரோடு மீளும் கொல்லன், மன்னன் ஏவலால் சிலம்பைக் காண வந்தோர் இவர் என்கிறான். சொல் ஒன்று, பொருள் இரண்டு. கோவலன் செவிக்கு அது விலைபேச வந்தோரைக் குறிக்கிறது. நம் செவிக்கோ கொலைஞரை. அவன் தோற்றங்கண்டு, இவன் கள்வனல்லன் எனக் காவலரே தயங்குகின்றனர். தப்பிவிடுவானோ என நாமும் ஏங்குகிறோம். கொல்லனோ களவு நூல் கூறும் எட்டு வழிகளை விரித்துரைத்து அத்தயக்கத்தைக் கலைக்கிறான். களிமகன் ஒருவனது வாள் வீழ்கிறது. ஆயர்பாடியிலிருக்கும் கண்ணகிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.