புறாத்தீவும் பென்குயின் தீவும்

இரத்மலானையில் எமது பாடசாலையிலே ஒருநாள், பறவைகளைப் பற்றிய பாடத்தின்போது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பென்குயின் கூட்டத்தைப் படகிலே சென்று பார்க்க நம்மால் முடியுமா?" என்று வினவினான். பென்குயின்களின் நாடு தென்கடல். அங்கு செல்வது நம்போன்றோர்க்கு எளிதன்று. ஆயினும், பறவைகள் தனித்தீவை நாடுவதேன் என்பதை அறிய அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுற்ற பின்னர், மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றேன்.

அத்தீவுக்குப் பெயர் தந்தது மாடப்புறா. மாடங்களில் வாழ்வதால் அதற்கு அப்பெயர் இட்டோம். ஆனால் மனிதன் மாடம் கட்டுமுன்னரே அது பாறை இடுக்குகளில் வாழ்ந்த பறவை. புறக்கோட்டைக் கூரைகளில் நாம் காணும் புறாக்கள், மனிதனோடு பழகி ஊர்ப்புறமாகிவிட்ட அவ்வினத்தின் வழிவந்தவை. காட்டினமாகவே எஞ்சியவை இலங்கையில் மிகச் சிலவே.

பாறைமேட்டை நெருங்கியதும் ஒருவன் கைதட்டினான். புறாக்கள் திரளாக மேலெழுந்தன. மாணவர் ஆரவாரித்தனர், யானும் நகைத்தேன். முதிய படகோட்டியோ, "ஐயா, கூட்டிலே முட்டை கிடக்கும். காகம் பார்த்துக்கொண்டிருக்குது" என்றார். என் நகைப்பு அடங்கிவிட்டது.

தரைவழி வரும் பகைக்கு அஞ்சியே பறவைகள் தீவை நாடுகின்றன. மாடப்புறா இடுவது பெரும்பாலும் இரண்டே முட்டைகள். தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கும். குஞ்சு பொரித்தபின், கண்டப்பையில் சுரக்கும் பால்போன்றதோர் உணவை இரண்டுமே ஊட்டும். இவ்வியல்புள்ள பறவைகள் மிகச் சில. பூநாரை அவற்றுள் ஒன்று. அந்தாட்டிக்காவின் பேரரசுப் பென்குயின் மற்றொன்று. பனியிலே நின்று குஞ்சைக் காக்கும் ஆண் பென்குயின், பெண் இரையுடன் திரும்பத் தாமதித்தால் இத்தகைய உணவையே ஊட்டுகின்றது. அம்மாணவனின் வினாவுக்கு விடையில் ஒரு பகுதி நிலாவெளியிலேயே இருந்தது!

மறுபகுதி துயரமானது. தென்னாபிரிக்கக் கரையோரத் தீவுகளிலே பென்குயின்கள் எச்சப்படிவைத் தோண்டி வளை அமைத்தன. மனிதன் படகிலே சென்று அவ்வெச்சத்தை உரமாக வாரினான். முட்டைகளையும் உணவுக்கென எடுத்தான். வளையிழந்த பறவைகள் வெயிலில் வெளியே முட்டையிட நேர்ந்தது. பின்னர் மீன்வளக் குறைவும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்தன. 2024ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பென்குயின் மிகக் கடுமையான அழிவாபத்துக்கு உள்ளான இனங்களுள் சேர்க்கப்பட்டது.

புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அதனைச் சூழ ஏறத்தாழ 100 வகை முருகைகளும் 300 வகை மீன்களும் பதிவாகியுள்ளன. முருகைக்கல் உயிரற்ற கல்லன்று. சிற்றுயிர்கள் பல்லாண்டுகளாகக் கட்டியெழுப்பிய வீடு. அதன்மேல் ஊன்றும் ஒரு கால் அவ்வுழைப்பை ஒரு நொடியில் முறித்துவிடும். சட்டம் எல்லையை வரையும். ஆனால் ஒவ்வொரு காலடியையும் காவலரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நாங்கள் பின்வாங்கி, மணலிலே அமைதியாக அமர்ந்தோம். சற்றுநேரத்தில் புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கைதட்டிய மாணவன், மற்றவர் பேசாதிருக்கும்படி வாயில் விரல் வைத்துச் சைகை காட்டினான். அன்று யான் நடத்த எண்ணியிருந்த பாடத்தை அவன் நடத்திவிட்டான்.